தொக்பே குடிக்காத சோஜு

எழுத்தாளர் பியோன் எழுதிய கதையில் எங்கள் தெரு தொக்பே ஒரே ஒரு வாக்கியத்துக்கு வருகிறார். "வேலை முடிந்த தொக்பே கொந்துரே மந்துரே என்று சரிவில் இறங்கி வந்தார், தெரு ஒதுங்கி வழிவிட்டது." அவ்வளவுதான். அந்த வாக்கியம் பிற்பாடு ஓர் அகராதியிலும் ஏறிவிட்டது. குடியிலோ தூக்கத்திலோ நிதானம் இழந்து, உடம்பைத் தாங்கமாட்டாமல் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் போட்டு, கீழே உதாரணத்துக்குத் தொக்பேயை நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த மனிதர் குடிக்கவில்லை. ஒரு வாய் சோஜுச் சாராயம் எடுத்தார், அதுவும் கொப்பளிக்க. மகள் படிப்பு முடிகிற வரைக்கும் தன்னைக் குடிகாரன் என்று ஊர் நம்ப வேண்டும், அதற்காக.

எங்கள் மலைப்பக்கத்தில் குடிக்குப் பல படி உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. முகம் சூடேறி நெற்றி வேர்த்தால் ஒன்று, வாய் தானாகப் பாட ஆரம்பித்தால் ஒன்று. கொந்துரே மந்துரே கடைசிப் படி. சொல்லும்போதே நாக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாயும். கொந்துரே என்று ஒரு மலைக்கீரை இருக்கிறது, சோற்றோடு சேர்த்து வேகவைப்போம். அது காற்றில் ஆடுவதைப் பார்த்துத்தான் இந்தச் சொல் வந்தது என்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். கதை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தால், சிரிக்க ஓர் ஆள் வருகிறான் என்று அர்த்தம். சாகப் போகிறவனுக்கு யாரும் இதைப் போடுவதில்லை.

என்னைத் தெருவில் சம்சொக்காரி என்பார்கள், சம்சொக் நான் பிறந்த ஊர். நிலக்கரிக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் தொக்பே வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். சுவர் என்று பேர்தான், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் குழந்தை விழிக்கும். தொக்பேயின் மனைவி ஒக்புன், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே மகள் யொன்ஹி, கெட்டிக்காரி. தொக்பே சுரங்கத்தில் கூரை இடியாமல் முட்டுக்கட்டை நிறுத்துகிறவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுரங்கக் கூரையிலிருந்து ஒரு கல் சரிந்து அவர் பின்மண்டையில் விழுந்தது. தலைக்கவசம் பிளந்தது, தலை தப்பியது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கட்டு அவிழ்த்துச் சில மாதம் ஆனதும் சமதளத்தில் நடந்தால் அவருக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் வொன்ஜு நகரத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். மண்டைக்குள் நடையைக் கவனிக்கிற இடம் கெட்டுக்கொண்டே வருகிறது, இனித் திரும்பாது, சுரங்கத்தில் இறங்குவதை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

யொன்ஹி அந்த மாதம்தான் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேலையில் இருக்கிறவன் பிள்ளைக்குக் கம்பெனி படிப்புச் செலவு கட்டும். வேலையை விட்டவனுக்கு அதுவும் இல்லை, வீடும் இல்லை. நாலு வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று தொக்பே முடிவு செய்தார்.

சுரங்கத்துக்குள் பிரச்சினை இல்லை. அங்கே யார் நிமிர்ந்து நடக்கிறார்கள்? எல்லோரும் குனிந்தும் தவழ்ந்தும் முட்டி போட்டும்தான் வேலை செய்கிறார்கள். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டையைப் பிடித்தால் பிடித்ததுதான். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேலி பேசியபடியே போவார். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே மாட்டார். மீதி இருந்தது வேலை முடிந்து திரும்புகிற தெரு. சரிவான தெரு, இரண்டு பக்கமும் கண்கள். கோணல் நடைக்கு ஒரு காரணம் வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காரணம் சோஜுக் கடை வாசலிலேயே கிடக்கிறது. தொண்டைத் தூசியைக் கழுவுகிறோம் என்று சொல்லிப் பன்றிக்கொழுப்பும் சோஜுவுமாக உட்காராத ஆண் ஒருவனும் அங்கே இல்லை. குடித்துத் தள்ளாடுகிறவனைக் கம்பெனி கண்டுகொள்ளாது, மறுநாள் நேரத்துக்கு வந்தால் போதும். நோயில் தள்ளாடுகிறவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடும்.

அந்தச் சோஜுக் கடை கங்நுங்காரியுடையது. கணவனைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவள், வாய் நீளம். தொக்பே அவளிடம் போய்க் கேட்டதை அவளே பின்னால் சொன்னாள்.

"அக்கா, ஒரு பாட்டில் குடுங்க. ஆனா நான் குடிக்க மாட்டேன்."

"பின்ன எதுக்கு, தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கவா?"

"காலருக்கு."

அவள் சிரித்திருக்கிறாள். அவர் சிரிக்காமல் டாக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் காலரிலும் கழுத்திலும் தடவிக்கொண்டார். ஒக்புன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, தெரிஞ்சா அவ என்னைக் கீழே இறங்க விடமாட்டா என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டார்.

ஒக்புனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நல்ல மனிதன் நாற்பது வயதுக்கு மேல் கெட்டுப்போனான். எங்கள் ஊரில் குடித்துவிட்டு வந்தவனுக்கு மறுநாள் காலையில் கருவாட்டு சூப் வைப்பார்கள். பனியில் காய்ந்த மியோங்தே மீன் கருவாட்டைக் கல்லில் போட்டு மரக்கட்டையால் நொங்கு நொங்கென்று அடித்து, நார் நாராகக் கிழித்துக் கொதிக்க வைக்க வேண்டும். எந்த வீட்டில் கருவாடு அடிபடுகிறதோ அந்த வீட்டு ஆண் நேற்று மட்டை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு அதுதான் காலைச் செய்தி. நாலு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கருவாடு அடிபட்டது. அவள் அடித்தது கருவாட்டை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இந்தாங்க, கொட்டிக்குங்க. ராத்திரி ஊத்திக்கிட்டது இறங்கட்டும்."

"ஆகா, வயித்துக்கு எவ்வளவு இதமா இருக்கு."

"இதமா இருக்கும். எனக்கில்ல கை வலிக்குது."

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா அடி ஒக்புன். சம்சொக்காரி வீட்டுப் பிள்ளை எழுந்துக்கப் போகுது."

"மெதுவா அடிக்கணும்னா மெதுவாக் குடிங்க."

பதிலுக்கு அவர் சிரிப்பது கேட்கும். குடிக்காத வயிற்றில் குடிகாரன் சூப்பைக் கிண்ணம் வழிய வாங்கிக் குடித்துவிட்டு, சொட்டு மீதி வைக்காமல் எழுந்து போவார். அவள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், அவர் கழற்றிப் போட்ட செருப்பின் முனையை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைக்க மறக்கமாட்டாள். சுரங்கத்தில் இறங்கியவன் வீடு திரும்ப வேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் செய்வது. படுக்கையில் மட்டும் அந்த நாற்றம் தாங்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அதை என்னிடம் அவளே சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் வருஷம் சுரங்க மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவன் நடை குடி நடை மாதிரி இல்லையே, காலையிலும் சாய்கிறானே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது. எழுத்தாளர் பியோன் வந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். தெருக்கோடி அறையை வாடகைக்கு எடுத்து, சாயங்காலமானால் கங்நுங்காரி கடை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். சியோல்காரப் பையன், மெலிந்த கை, மரியாதையான பேச்சு. தொக்பே அவர் எதிரில் போய் உட்கார்ந்து, தம்பி, என்னையும் ஒரு வரி எழுதுங்களேன் என்று கேட்டாராம். பேர் வர ஆசைப்படுகிற ஆள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது.

வசந்தத்தில் கதை ஒரு பத்திரிகையில் வந்தது. வேலை முடிந்து ஆண்கள் கரி கழுவுகிற குளியலறையில் மேஸ்திரியே அதை உரக்கப் படித்தார். நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து நடித்துக் காட்டினார்.

"கொந்துரே மந்துரேன்னு சரிவுல இறங்கி வந்தாரு! டேய் தொக்பே, அச்சுலயே வந்துட்டியேடா."

"இன்னொரு தரம் படிங்க, மேஸ்திரி."

"வெட்கமா இல்லயா உனக்கு?"

"எல்லாருக்கும் கேக்கலை. கொஞ்சம் சத்தமாப் படிங்க."

குளியலறையே சிரித்து உருண்டது. புத்தகத்திலேயே இவனைக் குடிகாரன் என்று போட்டுவிட்டார்கள், இனி இவனுக்கு என்ன வைத்தியம் என்று மேஸ்திரியும் ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டார். அன்று தொக்பே கங்நுங்காரியிடம் போய், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை அக்கா என்று சொன்னாராம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒக்புன் அழுதுகொண்டிருந்தாள். ஊர் சிரிச்சது பத்தாதுன்னு நாடே சிரிக்கணுமா என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. மறுநாள் கருவாடு தூளாகிவிட்டது.

அடுத்த வருஷம் பிப்ரவரி. யொன்ஹிக்குப் பட்டமளிப்பு ஒரு வாரத்தில். மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் வேலையும் உறுதியாகிவிட்டது. பட்டம் வாங்கிய அன்று சாயங்காலம் மனைவியையும் மகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தொக்பே நினைத்திருந்தார். அதற்கு என்ன கறி வாங்கலாம் என்றுகூடக் கங்நுங்காரியிடம் யோசனை கேட்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கங்நுங்காரி தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். கடை பூட்டியிருந்தது. வாசனை பூசிக்கொள்ள வழியில்லை. யாராவது கிட்ட வந்து பேசிவிட்டால் தெரிந்துவிடுமே என்று அவர் பெரிய தெருவை விட்டுவிட்டு, கரிக் களத்துச் சுவர் ஓரமாகப் பின்சந்தில் இறங்கினார். அங்கே பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. வழுக்கி விழுந்து தலை சுவரில் மோதியது.

கரி பொறுக்கப் போன இரண்டு பெண்கள் திரும்பி வரும்போது அவரைப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தலை தொங்க உட்கார்ந்திருந்தார். அடுத்தவள் கணவன் குடித்து விழுந்து கிடந்தால் எங்கள் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். தூக்கி வந்தால் அந்தப் பெண்ணின் மானத்தைத் தூக்கித் தெருவில் போட்ட மாதிரி. அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவள் கரிக்கட்டி ஏற்றும் கைவண்டியை இழுத்துக்கொண்டு வருவாள். அதுதான் முறை. அவர்கள் முறைப்படிதான் செய்தார்கள்.

நான் அப்போது ஒக்புன் வீட்டில் இருந்தேன். பட்டமளிப்புக்குப் போட்டுக்கொள்ளத் தன் பழைய மேற்சட்டைக்கு வெள்ளைக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து அந்தப் பெண்களில் ஒருத்தி தலையை மட்டும் நீட்டினாள்.

"ஒக்புன் அக்கா, உங்க வீட்டுக்காரர் கரிக் களத்துச் சுவர்கிட்ட. கொந்துரே மந்துரே."

"பொழுது சாயறதுக்கு முன்னாலயேவா?" ஒக்புன் ஊசியை நிறுத்தவில்லை. "கிடக்கட்டும். குளிர் பட்டுத் தெளியட்டும். இந்தக் கோலத்துலதான் மகளோட காலேஜுக்கும் வந்து நிப்பாரு."

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை உடனே ஓடியிருக்கிறாள், அன்று ஒரு நாள்தான் ஓடவில்லை. காலரை முழுக்கத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அவள் கைவண்டியை இழுத்தாள், நான் பின்னால் தள்ளினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

அவர் அதே இடத்தில் இருந்தார். புருவத்தில் உறைபனி படிந்திருந்தது. ஒக்புன் குனிந்து, காலரைப் பற்றி உலுக்கித் திட்டுவதற்காக முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மறுபடி வாயருகே மோந்தாள். காலரை மோந்தாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"சாராய வாசனையே இல்லடி."

அவர் கண்ணைத் திறந்தார். அவளை அடையாளம் தெரிந்தது, சிரிக்கப் பார்த்தார்.

"இன்னைக்குக் கடை மூடியிருந்துச்சு, ஒக்புன்."

"எந்தக் கடை? என்ன சொல்றீங்க?"

"யாரும் கிட்ட வந்து பாக்கலயே? மேஸ்திரி பாக்கலயே?"

"யாரும் பாக்கல. எந்திரிங்க. என்னைப் பிடிச்சுக்குங்க."

"இன்னும் ஒரு வாரம்தான்," என்றார் தொக்பே.

இரண்டு பேருமாக அவரைக் கைவண்டியில் ஏற்றினோம். எதிரில் வந்தவர்கள் வழக்கம்போல ஒதுங்கி நின்று சிரித்தார்கள். ஒக்புன் யாரையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, குளிரும் சேர்ந்துகொண்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய கங்நுங்காரி நேராகச் சாவு வீட்டுக்கு வந்து, ஒக்புன் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். காலர், கொப்பளிப்பு, வொன்ஜு டாக்டர், எழுத்தாளரிடம் கேட்டது, என்ன கறி வாங்கலாம் என்றது. ஒரு மாசத்துக்கு ஒரு பாட்டில்தான், அதுலயும் முக்கால்வாசி சட்டைக்குத்தான் போச்சு என்றாள். யொன்ஹி தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள். ஒக்புன் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

"நாலு வருஷம் சுவத்தைப் பாத்துப் படுத்தேன், சம்சொக்காரி."

அந்த வாரம் பட்டமளிப்புக்கு யாரும் போகவில்லை. வெள்ளைக் காலர் வைத்த சட்டை மடித்தது மடித்தபடியே கிடந்தது. மார்ச்சில் யொன்ஹி வேலையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு அடிக்கும் சத்தம் வரவே இல்லை. காலையில் நான்தான் தூக்கம் கலைந்து கிடப்பேன்.

முதல் வருஷத் திதிக்கு எழுத்தாளர் பியோன் வந்திருந்தார். யொன்ஹி சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. தொக்பேயின் படத்துக்கு முன்னால் தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு, தலை நிமிராமலே பேசினார்.

"அம்மா, கதை புத்தகமா வரப் போகுது. அந்த வரியை எடுத்துடறேன். நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதினேன், ஆனா தப்பாப் பாத்துட்டேன்."

"நாலு வருஷம் பக்கத்துல படுத்திருந்த நானே தப்பாத்தான் பாத்தேன், தம்பி." ஒக்புன் பழத்தட்டை நேராக வைத்தாள். "எடுக்காதீங்க. அந்தச் சொல்லை அவரு பாடுபட்டுச் சம்பாதிச்சாரு. அப்படியே இருக்கட்டும்."

அதனால்தான் அந்த வாக்கியம் இன்னும் இருக்கிறது.

படையலில் சோறு, பழம், முழுக் கருவாடு எல்லாம் வைத்தாயிற்று. சாவுக்கு வர முடியாமல் போன தொக்பேயின் அண்ணன் அப்போதுதான் யொங்வொல் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. செத்தவருக்கு மது ஊற்றிப் படைப்பது மூத்தவர் வேலை. வழக்கமான அரிசி மதுவுக்குப் பதில், தம்பிக்குப் பிடிச்சது இதுதானே என்று அவர் ஒரு சோஜு பாட்டிலைக் கொண்டுவந்திருந்தார். கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கையாலும் ஏந்தினார்.

"குடிடா தம்பி. இங்கே உன்னைத் திட்ட யாரும் இல்ல."

"இருங்க, அத்தான்," என்றாள் ஒக்புன்.

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தொக்பேயின் வேலைச் சட்டையை எடுத்து வந்தாள். துவைக்காத சட்டை, கரி அப்படியே இருந்தது. படத்துக்கு முன்னால் அதை விரித்து, காலரை நீவி நேராக்கினாள். அண்ணன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"இவரு வாயால குடிக்க மாட்டாரு. இங்கதான் ஊத்திக்குவாரு."

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, காலரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகத் தடவினாள். பிறகு கழுத்துப் பக்கம் தடவினாள். அறை முழுக்கச் சோஜு வாசனை பரவியது. அண்ணன் ஒன்றும் புரியாமல் யொன்ஹியைப் பார்த்தார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒக்புன் சட்டையை இரண்டு கையாலும் எடுத்து, காலரில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் வணங்கி முடிக்கும் வரைக்கும் அவள் முகத்தைத் திருப்பவில்லை.